அஞ்சாநெஞ்சர் தேவசகாயம்

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் பெரியார் ஒருவரின் வாழ்வை எழுதுதல் வேண்டும் என்று முடிவு செய்தபோது, நம்மவர் பலருடைய பெயர்கள் நம் நினைவிற்கு வந்தன. எனினும் நாம் தேர்ந்துகொண்டவர் நம் குலத்தினர் அல்லர். நம் ஊரினரும் அல்லர். வேணாட்டிலே, உயர்குலம் எனப்பட்ட நாயர் குடியிற் பிறந்து, அரண்மனையில் அலுவல் பார்த்து, சேரி மக்களோடு கலந்து உண்டதும் தம்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்றாக, துப்பாக்கிக் குண்டுக்கு இரையான தேவசகாயம் அவர்.

இவரை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாதி என்னும் கட்டடம் சாட்டையினால் மட்டும் நிற்பதன்று, அச்சத்தினால் நிற்பது. கீழே தள்ளப்பட்டவனுக்கு அச்சம் உண்டு என்பதை எல்லாரும் அறிவர். ஆண்டையின் சினத்திற்கு அச்சம். தெருவில் நடக்க அச்சம். கோயில் வாயிலை நெருங்க அச்சம். ஆனால் மேலே அமர்ந்திருப்பவனுக்கும் ஓர் அச்சம் உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தீட்டுப்பட்டுவிடுமோ, சுற்றத்தார் விலக்கிவிடுவரோ, இருந்த மதிப்பு போய்விடுமோ என்னும் அச்சம் அது. முதலாவது அச்சத்தை வென்றவர்களை நம் முன்னோரிடையே காண்கிறோம். இரண்டாவது அச்சத்தை வென்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் தேவசகாயம்.

இவர் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மை. மருமக்கள்தாய முறைப்படி தாயின் குடும்பத்திலேயே வளர்ந்தார். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, அந்நாளில் திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய பத்மநாபபுரத்தில், மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரண்மனைப் பணியும், நீலகண்ட சுவாமி கோயில் அலுவலும் பார்த்து வந்தார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார். நிலமும் மாடும் செல்வாக்கும் குறைவின்றி இருந்தன.

அந்நாட்டின் நிலையை நம் இளைஞர்கள் சற்றே அறிதல் நலம். உழைக்கும் மக்களுட் பெரும்பகுதியினர் அங்கே நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். நாயர் எதிரே வந்தால் அவர்கள் வரப்பை விட்டிறங்கித் தொலைவில் ஒதுங்க வேண்டும். ஒதுங்காதவனை வெட்டினாலும் கேட்பாரில்லை என்று அயல்நாட்டுப் பயணிகள் பலர் எழுதிவைத்துள்ளனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அதாவது, நீலகண்டன் பிறந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் பின்னர். அத்தகைய நாட்டில், அத்தகைய குடியில் பிறந்த ஒருவர் பிற்காலத்தில் செய்தது எத்துணைப் பெரிய செயல் என்பதை இப்பின்னணியில் வைத்தே அளத்தல் வேண்டும்.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் நடந்த போரில் டச்சுக்காரர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றனர். சிறைப்பட்டவருள் தெலென்னாய் என்னும் படைத்தலைவரும் ஒருவர். அரசர் அவரது திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி அளிக்கவும் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தவும் அவரை அமர்த்திக்கொண்டார். தெலென்னாய் கத்தோலிக்கர். அரண்மனை அலுவலரான நீலகண்டனும் அவரும் நண்பராயினர்.

அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுக்கடுக்காய் இழப்புகள் நேர்ந்தன என்பர். மாடுகள் மடிந்தன; விளைச்சல் பொய்த்தது. எந்தத் தெய்வம் சினந்ததோ என்னும் கலக்கம் அவரை வாட்டியது. வழிபாடுகளும் பரிகாரங்களும் செய்தும் மனம் தேறவில்லை. வாடிய முகத்தைக் கண்ட தெலென்னாய், விவிலியத்திலுள்ள யோபு என்பவரின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார். யோபு குற்றமற்றவர், ஆயினும் மக்களையும் மந்தைகளையும் உடல் நலத்தையும் ஒருங்கே இழந்தவர். அவரது துன்பம் அவர் செய்த தீவினைக்குத் தண்டனை என்று நண்பர்கள் அடித்துக் கூறினர். யோபு அதனை ஏற்க மறுத்தார். இறைவனும் அந்நண்பர்களின் பக்கம் நிற்கவில்லை.

இக்கதை நீலகண்டனின் நெஞ்சில் ஏன் அத்துணை ஆழமாய்ப் பதிந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தோம். துன்பம் என்பது தண்டனை அன்று என்றால், துன்புறுவோன் தீவினையாளன் அல்லன். சேரியிற் பிறத்தல் முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்னும் கோட்பாடும் அங்கேயே ஆட்டங்காண்கிறது. இதனை அவர் அன்றே உணர்ந்தாரோ, பின்னர் உணர்ந்தாரோ. அவரது பிற்கால நடத்தை இவ்விதையினின்று முளைத்தது என்றே நாம் கருதுகிறோம்.

அவர் கிறிஸ்தவராக விழைந்தார். ஆனால் ஒரே நாளில் அஞ்சாநெஞ்சர் ஆகிவிடவில்லை. அரண்மனை அலுவலர் ஒருவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் திருமுழுக்குப் பெறுவது பேரிடராய் முடியும். ஆகவே தெலென்னாய் தந்த மடலோடு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, பாண்டி நாட்டுப் பகுதியிலிருந்த வடக்கன்குளம் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப் பெயர் பூண்டிருந்த புத்தாரி என்னும் இயேசு சபைக் குரு இருந்தார். அவர் உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. வரவிருக்கும் இடையூறுகளை எடுத்துச் சொல்லிக் காத்திருக்கச் செய்தார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்பதன் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்னும் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. கணவரின் புதிய நெறி கண்டு முதலில் கலங்கிய பார்கவியும் பின்னர் அதே ஊரில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

எல்லை கடந்து மறைவாய்ச் சமயம் மாறிய அந்நிலையை நம் இளைஞர்கள் பலர் எளிதில் விளங்கிக்கொள்வர். நம் வீடுகளிலும் கோயிற் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாய் வாழ்வோர் உளர். பட்டியல் சாதியினருக்குரிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது; கிறிஸ்தவருக்கு இன்னும் விரிவாக்கப்படவில்லை. தாளில் ஒரு சொல் எழுத அஞ்சும்படி வைத்திருப்பது அவர்களுடைய குற்றம் அன்று. அவ்வச்சத்தை நாம் பழிக்கவில்லை. தேவசகாயமும் அங்கிருந்துதான் தொடங்கினார்.

இனி, அதே 1745ஆம் ஆண்டில் நம் புதுச்சேரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று இவ்வூர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், துய்ப்பிளேக்சு ஆளுநராய் இருந்த காலம். மக்கள் சம்பா கோவில் என்று வழங்கிய புனித பவுல் ஆலயத்தினுள்ளே ஒரு சுவர் இருந்தது. சுவரின் ஒரு புறம் நம் முன்னோர் அமர வேண்டும். மறுபுறம் மேற்சாதிக் கிறிஸ்தவரும், சட்டைக்காரரும், ஐரோப்பியரும் அமர்வர். ஒரே பலிபீடம், ஒரே மறை, இடையில் சுவர்.

இத்தனைக்கும் 1704ஆம் ஆண்டிலேயே, திருத்தந்தையின் தூதராய் வந்திருந்த தெ தூர்னோன் என்பவர் இதே புதுச்சேரியிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனங்கள் வழங்கக் குருக்கள் மறுத்தலாகாது என்பதும் அதில் அடங்கும். தூதர் ஒருவர் ஆணையிட்டு எழுத வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது யாது என்பதை நாமே உய்த்துணரலாம். நாற்பது ஆண்டுகள் வழக்கும் எதிர்வழக்குமாய்க் கழிந்தபின், 1744ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதனை மீண்டும் வலியுறுத்தினார்.

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்துள்ளார். அவர் நம்மேல் பரிவு கொண்டவர் அல்லர். ஆதலின் அவர் எழுதிவைத்தது நமக்கு இன்னும் உறுதியான சான்று. ஊரின் பல சேரிகளைச் சேர்ந்தவர்களும், ஐரோப்பியர் வீடுகளில் பணிசெய்த நம்மவரும் ஒன்றுகூடிப் பெரிய குருவானவரிடம் சென்றனர். மெய்யாகவே தாங்கள் அவருடைய சீடர்கள் என்றால் தங்களையும் பிறரையும் ஒரே வகையாய் நடத்த வேண்டும் என்றும், ஆண்டவர் தம்மை வணங்குவோருள் வேற்றுமை வைக்கவில்லை என்றும் முறையிட்டனர். குருவானவர் சொல்வதறியாது நின்று, அது நியாயம் என ஒப்பி, சுவரை இடிக்கச் செய்தார். அன்றைய வழிபாட்டில் அனைவரும் கலந்து அமர்ந்தனர். மேற்சாதிக் கிறிஸ்தவர் சினங்கொண்டு குருவானவரிடம் பூசலிட்டனர் என்பதையும் அந்நாட்குறிப்பே தெரிவிக்கிறது.

அங்குச் சென்றோரின் பெயர்கள் ஏட்டில் இல்லை. வீட்டுக்கு வீடு எசமானர்களை அண்டிப் பிழைத்த அம்மக்கள், நாளைய கூலி போய்விடுமே என்று அஞ்சியிருந்தால் அது இயற்கையே. ஆயினும் சென்றனர். அவர்கள் கையில் இருந்த ஒரே படைக்கலம், அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட மறைதான். கற்பித்தவரிடமே அதைக் கொண்டு வழக்குரைத்தனர். சுவர் இருந்த அக்கோயிலை 1761இல் ஆங்கிலேயர் ஊரோடு சேர்த்து இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று மிசியோன் வீதியில் நாம் காணும் அமலோற்பவ அன்னைப் பேராலயம் அதன்பின் எழுந்தது. சம்பா கோவில் என்னும் பழம் பெயர் மட்டும் நின்றது.

புதுச்சேரியில் நம்மவர் கீழிருந்து சுவரைத் தள்ளிய அதே காலத்தில், பத்மநாபபுரத்தில் தேவசகாயம் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறியார்.

திருமுழுக்குப் பெற்றபின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் அரண்மனைப் பணியிலேயே இருந்தார். மறைவாய்ப் பெற்ற நம்பிக்கை மெல்ல மெல்ல வெளிப்பட்டது. அதை அவர் வாய்ச் சொல்லால் மட்டும் காட்டியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பர். அவர் தாழ்த்தப்பட்டோர் குடிசைகளுக்குச் சென்றார், அவர்களோடு அமர்ந்து உண்டார், தொட்டுப் பழகினார். உறவினர் அறிவுரை கூறினர், பின் எச்சரித்தனர், பின் விலகினர். தீட்டைப் பற்றிய அச்சம் அவரை விட்டு அகன்றது இவ்வாண்டுகளில்தான். சாவைப் பற்றிய அச்சம் அகல இன்னும் காலம் ஆயிற்று என்றே தோன்றுகிறது. நம்முடைய எண்ணத்தில், முன்னதை வெல்வதே அரிது. போர்க்களத்தில் சாவுக்கு அஞ்சாத வீரர் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். புலையர் வீட்டுக் கஞ்சிக்கு அஞ்சாதவர் எத்தனை பேர் இருந்தனர்?

1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் சிறைபிடிக்கப்பட்டார். அரச துரோகம், நாட்டின் மறைபொருளை அயலார்க்கு வெளியிட்டது, தெய்வங்களையும் அந்தணரையும் இகழ்ந்தது, கீழோரோடு கலந்தது எனக் குற்றங்கள் அடுக்கப்பட்டன. அவர் கொல்லப்பட்டது சமயத்தின் பொருட்டன்று, அரசியற் குற்றத்தின் பொருட்டே என்று எழுதிய வரலாற்றாசிரியரும் உளர். அவ்வழக்காடலில் நாம் நெடிது புகவில்லை. பழைய நெறிக்குத் திரும்பினால் விடுதலை என்று மீண்டும் மீண்டும் கூறப்பட்டதாக வரும் மரபுச் செய்தி ஒன்றே போதும்; நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு எந்த அரசும் அவ்வாறு சலுகை காட்டுவதில்லை.

அவர் பட்ட பாடுகளைக் கேட்கச் செவி கூசும். கைகளைப் பின்புறம் கட்டி, எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர். அடித்தனர், புண்களிலும் கண்களிலும் மிளகாய்ப் பொடி தூவினர். எருமை ஊர்வலம் அவர் குலத்தாரை அச்சுறுத்தவே நடத்தப்பட்டது. ஒரு நாயர் சேரியில் உண்டால் அவனுக்கு நேர்வது இதுதான் என்று எல்லா நாயரும் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடிமைக்கு நாள்தோறும் கிடைத்த அடியும் இழிவும் அவருக்கும் கிடைத்தன. அவர் யாரோடு உண்டாரோ, அவர்களுடைய நிலைக்கே அவரை இறக்கித் தண்டித்தனர் எனலாம்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது முழங்கையால் மோதிய பாறையிலிருந்து நீர் சுரந்தது என்றும், ஆரல்வாய்மொழியில் அவர் சாவின்போது பாறை மணியோசை எழுப்பியது என்றும் மக்கள் நம்பி இன்றும் அங்குச் சென்று வழிபடுகின்றனர். அந்நம்பிக்கையை நாம் மறுக்கவும் வரவில்லை; அதன்மேல் இக்கட்டுரையை எழுப்பவும் இல்லை.

பெருவிளை என்னும் ஊரில் கொலைத்தண்டம் நிறைவேற்றும் ஆராச்சாரின் வீட்டருகே ஒரு வேப்பமரத்தில் அவரைச் சங்கிலியால் பிணைத்தனர். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். அங்கே எவரும் எண்ணாதது நிகழ்ந்தது. அவரைக் காண மக்கள் வரத் தொடங்கினர். துன்பம் சொல்லவும், மன்றாட்டுக் கேட்கவும், வெறுமனே பார்க்கவும் வந்தனர். பிள்ளையில்லாதிருந்த ஆராச்சாரின் குடும்பத்திற்கு அவர் மன்றாடியபின் மகப்பேறு வாய்த்தது என்பது அவ்வூர் மரபு. அச்சுறுத்துவதற்கென்று கட்டிவைத்த மனிதரிடம் மக்கள் ஆறுதல் தேடி வந்ததைக் கண்ட அதிகாரிகள் அவரைத் திருவிதாங்கூரின் கீழ்க்கோடியாகிய ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். முன்பு திருமுழுக்கு நாடி மறைவாய்க் கடந்து சென்ற அதே கணவாய்! அங்கும் கூட்டம் வந்தது.

இதற்கிடையே, 1750 சனவரியில், மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தாம் அச்சுவாமியின் அடியாராய் ஆள்வதாக அறிவித்தார். அரசே தெய்வத்தின் உடைமை ஆகிவிட்ட நாட்டில், வேறு தெய்வத்தை வணங்கிய அரண்மனை அலுவலருக்கு மீட்சி ஏது? அரசரின் அன்புக்குரியவராய் இருந்த தெலென்னாயின் நட்பும் அவரைக் காக்கவில்லை.

1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் இரவு, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்துவிட்டுச் சென்றனர். அகவை முப்பத்தொன்பது. சில நாட்களுக்குப்பின் கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் தேடி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் பலிபீடத்தின் முன் அடக்கம் செய்தனர். கொச்சி ஆயர் 1756ஆம் ஆண்டு உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இச்செய்தி இடம்பெற்றது. ஞானப்பூ அம்மையார் கணவரின் உறவினரிடையே வாழ இயலாது வடக்கன்குளம் சென்று, அங்கேயே எஞ்சிய காலத்தைக் கழித்து 1766இல் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் ஓரிரு வரிகளோடு நிறுத்திவிடுகின்றனர். நாமும் அதற்குமேல் அறிந்தோமில்லை. ஆயினும் ஊரும் உறவும் உடைமையும் இழந்து பதினான்கு ஆண்டுகள் அயலூரில் தனித்து வாழ்ந்த அம்மையாரின் துணிவு கணவரின் துணிவிற்குக் குறைந்ததன்று என்று நம் மகளிர் சார்பில் இங்கே பதிந்துவைக்கிறோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாய் இருந்திருக்கும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அவ்வடக்கன்குளத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேற்சாதியினர் ஒரு புறமும் பிறர் ஒரு புறமுமாய் அமரும்படி இரண்டு கைகளாய்ப் பிரிந்த ஒரு கோயில் எழும்பியது. இடையிலிருந்த தடுப்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவானவர் அகற்றியபோது, அதைத் திரும்பக் கட்டித்தரும்படி வழக்காடி உயர் நீதிமன்றம் வரை சென்றனர், நீதிமன்றம் ஏற்கவில்லை. புதுச்சேரியிலும் 1745இல் இடிந்த சுவர் மனங்களில் இடிந்துவிடவில்லை. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பினர். மண்ணுக்குள் சென்றபின்னும் தீட்டுக்கு அஞ்சியோர் அவர்கள்.

இவரைப் பற்றியே ஒரு வழக்கு நெடுங்காலம் நடந்தது. நூல்களிலும் சுருபங்களின் அடியிலும் அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே எழுதப்பட்டு வந்தது. எந்தப் பட்டத்தை உதறியதற்காக அவர் எருமைமேல் ஏற்றப்பட்டாரோ, அந்தப் பட்டத்தையே பக்தர்கள் அவருக்குச் சூட்டி வைத்திருந்தனர்! 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோதும் அப்பெயர் தொடர்ந்தது. சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்று உரோமைக்கு முறையீடுகள் சென்றன. வத்திக்கான் அதனை ஏற்றுப் பெயரைத் திருத்தியது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராய் அறிவித்தபோது, தேவசகாயம் என்னும் பெயர் பிள்ளைப் பட்டம் இன்றியே வாசிக்கப்பட்டது.